தலையெண்ணிப் பிறக்கும் வேலை

ஒரகடத்துக் கார் ஆலைக்குள் நுழைய வேண்டுமானால், காலில் இரும்புமுனை வைத்த ஷூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு சேஃப்டி ஆபீசர் இருப்பார். அவருக்குக் கீழே இரண்டு மூன்று பேர். சாத்தூர்ப் பக்கம் பொட்டலில் நிற்கும் பட்டாசு ஆலையில் இருப்பவர் போர்மேன். வெடி விபத்துக்கு மறுநாள் ‘போர்மேன் கைது’ என்று செய்தி வருகிறதே, அவரேதான். ஆபத்து எங்கே அதிகம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதுகாப்பு அலுவலருக்கான வேலை மட்டும் ஒரகடத்தில் குவிகிறது.

சட்டம் ஆளை எண்ணுவதால் வந்த விளைவு இது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-இல் சேர்ந்த 40பி பிரிவு, ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கு இப்பதவியைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 500 ஆகக் குறைத்திருக்கிறது. கட்டுமானத்துக்கு 250, சுரங்கத்துக்கு 100.

தலையெண்ணுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்தின் அளவைப் பற்றி முதலாளி மணிக்கணக்கில் வாதாடலாம். வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு வாதாட முடியாது. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலத்தில் அந்த எண் பாதியாகக் குறைந்தால், ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் புதிய பணியிடங்கள் உருவாகத்தான் செய்யும். 2014-இல் மௌலிவாக்கத்தில் அடுக்குமாடி சரிந்து 61 பேரைப் பறிகொடுத்த நமக்கு, கட்டுமானத்தில் 250 என்ற வரம்பும் வரவேற்கத்தக்கதே.

ஆனால் பழைய சட்டத்தில் ஒரு சன்னல் இருந்தது. ஆலையில் ஆபத்து உண்டு என்று மாநில அரசு கருதினால், ஆள் எத்தனை என்று பாராமலே அலுவலரை நியமிக்க ஆணையிடலாம். புதிய சட்டத்தில் அபாயகரமான செயல்முறை நடக்கும் ஆலைக்கும் 250 என்ற வாசற்படி வைத்துவிட்டார்கள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் நிலையத்தின் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். அப்படிப்பட்ட நிலையங்களில் 250 பேர் வேலை பார்ப்பதில்லை. சிவகாசியின் சிறு ஆலைகள் பலவும் அப்படித்தான்.

பதவி கிடைத்தவர் பாடும் சுகமில்லை. அவர் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகப் பதில் சொல்பவர், அவருக்கு வேறு வேலை தரக்கூடாது என்கின்றன விதிகள். நடப்பில் கேன்டீன், வேன், ஆடிட் கோப்பு எல்லாம் அவர் தலையில். சாரம் சரியில்லை, வேலையை நிறுத்து என்று அவர் சொல்ல வேண்டியது, மாதச் சம்பளம் தரும் அதே ஆளிடம். இதை எந்த எண்ணும் சரிசெய்யாது.

இன்னொரு வேடிக்கை. தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழி அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. 2025 செப்டம்பரில் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் விழுந்து இறந்த 9 பேரும் வடமாநிலத்தவர்கள், பெரும்பாலோர் அசாம்காரர்கள். வளைகுடாவில் இந்தி கற்றுத் திரும்பிய நம் ஊர்ப் பையனுக்குச் சென்னைக் கட்டுமானங்களில் மதிப்பு கூடுவது இதனால்தான்.

சிறு ஆலைகள் கூடி ஒரு பாதுகாப்பு அலுவலரை வைத்துக்கொள்ளவும், அவருடைய சம்பளம் ஒரு முதலாளியின் கையிலிருந்து வராமலிருக்கவும் மாநில அரசு வழிசெய்ய வேண்டும். சிவகாசிக்கும் ராணிப்பேட்டைக்கும் இந்த வேலை போய்ச்சேர எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

பஸ் நிலையச் சுவரில் ‘ஆறே மாதத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி’ விளம்பரம் பார்த்துப் பணம் கட்டக் கிளம்பும் தம்பி, தங்கைக்கு ஒரு சொல். ஆலையில் இப்பதவிக்குப் பொறியியல் பட்டமும் இரண்டாண்டு மேற்பார்வை அனுபவமும், அல்லது இயற்பியல், வேதியியல் பட்டத்தோடு ஐந்தாண்டு அனுபவமும் கேட்பார்கள். அதற்கு மேல், தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தருவது போன்ற அங்கீகாரமுள்ள பட்டயமும் வேண்டும். உங்கள் சான்றிதழ் இதற்குச் செல்லுமா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.