ஒலிநாடாவில் மிஞ்சியவர்

கிறிஸ்தவ பக்திப் பாட்டை ராக் சங்கீதத்தில் போட்டு விற்பது அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரம். அதற்குள்ளிருந்து ஒரு கலைஞன் வர முடியுமா என்று யாராவது கேட்டிருந்தால், முடியாது என்று பளிச்சென்று சொல்லியிருப்பேன். ரிச் மல்லின்ஸைக் கேட்ட பிறகு அவ்வளவு அவசரப்பட மாட்டேன்.

1955-ல் இண்டியானா மாகாணத்தில் பிறந்தவர். 1982-ல் ஏமி கிராண்ட் என்ற பாடகி இவர் பாட்டு ஒன்றைப் பாடிப் பிரபலமாக்கினார். 1988-ல் இவரே பாடிய 'ஆஸம் காட்' வந்தது. தேவாலயம் தேவாலயமாக அதைப் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சரணத்தில் வார்த்தைகள் மூச்சிரைக்க ஓடுகின்றன. பல்லவியோ கோஷம் போடத்தான் லாயக்கு. பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது சரியாக எழுதப்படாத பாட்டு என்று மல்லின்ஸே சொன்னதுண்டு. இந்த அவஸ்தை எங்களுக்கும் பழக்கம். எந்தக் கதையை மறந்துவிட ஆசைப்படுகிறோமோ, அதைத்தான் ரயிலில் சந்திக்கும் வாசகர் புகழ்வார்.

அந்த நாளைய தட்டுகளில் மின்சார வாத்தியங்களின் மெருகு அதிகம். பாட்டு நன்றாக இருக்கிறதா, மெருகு நன்றாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம். 1993-ல் வந்த ஆல்பத்தில் நிலைமை மாறுகிறது. அதன் முற்பகுதி தேவாலய ஆராதனையின் வரிசையிலேயே போகிறது. டல்சிமர் என்ற வாத்தியத்தை, சிறு கோல்களால் கம்பிகளைத் தட்டி வாசிக்கிறார்; நம் சந்தூருக்கு உறவுமுறை. பழைய விசுவாசப் பிரமாணத்தை அதன்மேல் ஏற்றிப் பாடும்போது, புதிதாக ஒன்றும் சொல்லாமலே புதிதாக இருக்கிறது. ஆனால் அந்த ஆல்பத்திலும் சில பாட்டுகளில், ஒரு அடிக்குள் நான்கு அடிக்கான சரக்கைத் திணிக்கும் பழைய வழக்கம் போகவில்லை.

வருமானம் முழுவதையும் சபைப் பெரியவர்கள் கையில் விட்டுவிட்டு, ஒரு சாதாரண அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மொத்தம் எவ்வளவு என்று தமக்குச் சொல்லக்கூடாது என்றும் ஏற்பாடு. 1995-ல் நவஹோ பழங்குடியினரின் பகுதிக்குக் குடிபோய்க் குழந்தைகளுக்குச் சங்கீதம் கற்றுக்கொடுத்தார். இதையெல்லாம் காட்டிப் பாட்டுக்கு மார்க் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை. நல்ல மனிதர் எழுதினாலும் மோசமான பாட்டு மோசமான பாட்டுதான். ஆனால் ஒன்று தோன்றுகிறது. கணக்கு தெரியாதவனுக்கு, இன்னொரு 'ஆஸம் காட்' எழுதியாக வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை அல்லவா?

1997 செப்டம்பரில், பாழடைந்த தேவாலயம் ஒன்றில் உட்கார்ந்து, சாதாரண கேஸட் ரிக்கார்டரில் தம் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒன்பது நாள் கழித்து, 19-ஆம் தேதி, இல்லினாய் மாகாணத்தில் சாலை விபத்தில் இறந்தார். வயது 41.

1998-ல் அந்தப் பாட்டுகள் இரண்டு தட்டுகளாக வெளிவந்தன. ஒன்றில் அந்தக் கேஸட் அப்படியே. மற்றதில் அதே பாட்டுகளை நண்பர்கள் ஸ்டூடியோவில் அன்போடும் அக்கறையோடும் பாடியிருக்கிறார்கள். குறை சொல்ல இடமில்லை. கேஸட்டிலோ குரல் கரகரக்கிறது. 'ஹார்ட் டு கெட்' என்ற பாட்டில் ஏசுவோடு வழக்காடுகிறார். நிந்தாஸ்துதி என்போமே, அந்த ஜாதி. கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் யாரோ தனியாகப் பிரார்த்திப்பதை ஒட்டுக் கேட்கிறோமோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஸ்டூடியோத் தட்டை இரண்டு முறைதான் போட்டேன்.