பாத்திரத்தின் ஒலிப்பும் பாடுவோர் குரலும்: 'மை ஃபேர் லேடி' இசைத்தட்டு

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவிய 'மை ஃபேர் லேடி' என்னும் இசைநாடகம் 1956 மார்ச் 15இல் நியூயார்க்கில் அரங்கேறியது. மேடை நடிகர்களே பாடிய அதன் இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் அம்மாதத்திலேயே பதிவு செய்தது. கதைத்தலைவர் ஒலியியல் அறிஞர். கதைத்தலைவி லண்டன் நகரின் காக்னி வழக்கைப் பேசும் பூக்காரி. ஆதலின் இத்தட்டைக் குரலினிமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. ஒலிப்பும் இங்குப் பாத்திரப் படைப்பின் உறுப்பாகும்.

எலைசாவாகப் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸ் அப்போது 20 வயதினர். இளமையிலேயே முறையான குரற்பயிற்சி பெற்றவர். அப்பயிற்சியே முதற்பாடலில் அவருக்குத் தடையாகிறது. காக்னியின் அடையாளங்களுள் ஈருயிர்களின் திரிபு ஒன்று. சொல்முதல் ஹகரம் கெடுதல் மற்றொன்று. நீளும் சுரங்களில் உயிரொலி பண்பட்ட குரலின் தூய்மையை எய்திவிட, வழக்கின் சாயல் பெரும்பாலும் மெய்களிலேயே எஞ்சுகிறது. ஆசிரியரைச் சினந்து சபிக்கும் பாடலில் நிலைமை வேறு. அங்குச் சுரங்கள் குறுகி விரைவதால் திரிந்த உயிர்களும் நிலைபெறுகின்றன. ஹென்றி ஹிக்கின்ஸ் என்னும் பெயரின் ஹகரங்கள் கெடுவதே வசையாகிறது. பயிற்சி வென்றபின் வரும் களிப்புப் பாடலில் குரலின் தூய்மையும் பாத்திரத்தின் புதிய ஒலிப்பும் ஒன்றுபடுகின்றன.

ஹிக்கின்ஸாகத் தோன்றிய ரெக்ஸ் ஹாரிசன் பயின்ற பாடகர் அல்லர். பல இடங்களில் இசைக்குழு மெட்டை ஏற்க, அவர் தாளத்துக்குள் பேசுகிறார். இதனைக் குறை என்பாரும் உளர். ஆயின் இறுதித் தனிப்பாடலில் அப்பேச்சு மெட்டை நோக்கி நெகிழும்போது பாத்திரத்தின் இறுக்கம் தளர்வது செவிக்குப் புலனாகிறது. தொடக்கம் முதல் பாடியே வந்திருப்பின் இம்மாற்றத்திற்கு இடமிராது.

1964ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலும் பாடியவர் மார்னி நிக்சன். எனினும் சபிக்கும் பாடலில் காக்னிச் சாயல் மிக்க பகுதிகளில் ஹெப்பர்னின் சொந்தக் குரலே ஒலிக்கிறது. உயர்ந்தெழும் நடுப்பகுதி நிக்சனுடையது. இரு குரல்கள் பகிர்ந்துகொண்ட பணியை 1956இல் ஒரு குரலே நிறைவேற்றியது. முதற்பாடலின் குறையை மீறி ஆண்ட்ரூஸின் பாட்டை முதலிடத்தில் வைப்பதற்கு இதுவே காரணம்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. தமிழில் திருந்திய பேச்சுக்கு அளவுகோலாகப் பலரும் சுட்டுவது ழகர ஒலிப்பு. அது மெய், நீட்டிப் பாட இடம் தருவதோ உயிர். காக்னிக்கு ஈடாக ழகரத் திரிபைக் கொள்வார், அத்திரிபு நீள்சுரத்தில் அன்றி விரைந்து செல்லும் சொற்களிலேயே தெளிவுறக் கேட்கும் என்பதைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.