கோட்டில் ஒரு கால்

யாழ்ப்பாணத்தில் குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் உதைபந்தாட்டம் பார்க்க வரும் சனம் கோல் அடித்தவனைத்தான் தோளில் தூக்கும். என் கண் எப்போதும் கோல்காப்பாளரிலேயே நிற்கும். அதுவும் துரையப்பா விளையாட்டரங்கில் ஆட்டம் சமநிலையில் முடிந்து பனால்டிக்குப் போனால், வேறு எவரையும் பார்க்க மனம் வராது.

பந்துக்கும் கோட்டுக்கும் இடையே 11 மீற்றர். காக்க வேண்டிய அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடித்த பந்து 0.4 செக்கனில் வந்து சேரும். பார்த்துவிட்டுப் பாய நேரமில்லை. அதனால் நல்ல காப்பாளர் பந்தோடு நின்றுவிடாமல், உதைப்பவரின் ஊன்றும் காலைக் கவனிக்கிறார். அந்தப் பாதம் திரும்பும் பக்கத்துக்கே பந்து பெரும்பாலும் போகும். இடுப்பும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். கடைசி அடி வரை அசையாமல் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

விதியும் அவரை இறுக்கித்தான் பிடிக்கிறது. பந்து உதைபடும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முந்திப் பாய்ந்து தடுத்தால் உதை மறுபடியும். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை மஞ்சள் அட்டை. 2022 உலகக் கிண்ண இறுதியில் ஆர்ஜன்டீனாவின் எமிலியானோ மார்டினெஸ் காட்டிய சேட்டைகளுக்குப் பிறகு, உதைப்பவரின் கவனத்தை முறைகேடாகக் குலைக்கக்கூடாது என்று 2023இல் விதிநூலில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனாலும் அந்த இறுதியில் பிரான்ஸ் வீரர் கோமனின் உதையை அவர் பாய்ந்து தடுத்த அழகை எத்தனை தரமும் பார்ப்பேன்.