ஊர்காவற்றுறைத் தீர்ப்புகளும் படகு முதலாளியும்

மீன்பிடி வழக்கை எடைபோட இரண்டு அளவுகோல்கள் போதும். தண்டனை, படகைக் கடலுக்கு அனுப்பியவரை எட்டுகிறதா? அந்தப் படகால் வலை அறுபட்டவருக்கு ஏதாவது திரும்பக் கிடைக்கிறதா? பாக் நீரிணையில் பிடிபடும் தமிழ்நாட்டு விசைப்படகுகள் மீது இலங்கை நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளை இவ்விரண்டாலும் சோதித்தால், சட்டத்தில் உள்ள தெளிவு வழக்கு நடக்கும் முறையில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டம் அனுமதியின்றி இலங்கைக் கடலெல்லைக்குள் வந்து மீன்பிடிப்பதைக் குற்றமாக்கியது. 2017இல் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய, 1996ஆம் ஆண்டின் மீன்பிடி, நீர்வாழ் வளச் சட்டத்துக்கான திருத்தம் இழுவைமடியையே குற்றமாக்கியது. சிந்தனையில் இது பெரிய முன்னேற்றம். கடலடியை வாரும் மடி யாருடையதானாலும் குற்றம் என்றானதால், இலங்கையின் வடக்கே குருநகரிலும் பேசாலையிலும் இருந்த உள்ளூர் இழுவைப்படகுகளும் அதற்குள் வந்தன. ஆனால் மறு ஆண்டே, 2018இல், 1979 சட்டத்துக்கு வந்த திருத்தம் வெளிநாட்டுப் படகுகளுக்குப் படகின் நீளத்தை வைத்து அபராதம் வகுத்தது. 15 மீட்டருக்குக் குறைந்த படகுக்கே 50 லட்சம் இலங்கை ரூபாய். நீளத்தை அளப்பது எளிது. சேதத்தை அது காட்டுவதில்லை.

குறை முழுதும் வெளிப்படுவது நீதிமன்றத்தில்தான். கடற்படை பிடிக்கிறது, ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதவான் முன் நிறுத்துகிறார்கள், சில வாரங்கள் விளக்கமறியல், குற்றத்தை ஒப்புக்கொண்டதும் பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை, பிறகு ஊர் திரும்பல்; பல ஆண்டுகள் இதுவே நடைமுறையாக இருந்தது. முதல்முறை பிடிபட்டவருக்கு உடனடிச் சிறைத்தண்டனை தராத இந்த நிதானம் மதிக்கத்தக்கது. ஆனால் கூண்டில் நிற்பவர் யார்? சொந்தப் படகில் தானே போகிறவர் உண்டு; பெரும்பாலோர் பங்குக்கோ கூலிக்கோ படகேறியவர்கள். எந்த மடியை ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தவர் கரையில் இருக்கிறார். 2024 பிப்ரவரியில் ஊர்காவற்றுறை நீதிமன்றம் படகோட்டிகளுக்கு ஆறு மாதமும், மறுமுறை பிடிபட்ட ஒருவருக்கு ஓராண்டும் சிறை விதித்தது. படகோட்டியையும் மற்றவரையும் பிரித்துப் பார்த்தது நுட்பமான நகர்வு. எனினும் அது படகுக்குள்ளேயே நின்றுவிட்டது. தீர்ப்பை எதிர்த்து ராமேசுவரம் மீனவர்கள் அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். வழக்கின் மையமாக இருக்க வேண்டிய மடி, பேச்சிலிருந்தே நழுவிப்போயிற்று.

முதலாளியைத் தொடும் உருப்படியான கருவி படகுப் பறிமுதல் ஒன்றே. உரிமை கோர அவர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் படகு அரசுடைமை. இதன் வலு மறுக்க முடியாதது, விளைவு அரைகுறை. பறித்த படகுகள் ஆண்டுக்கணக்கில் கரையில் நின்று உளுத்தன. 2022 பிப்ரவரியில் காரைநகர் முதலிய இடங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை ஏலத்துக்கு வந்தன. போர்க்காலத் தடைகளால் பல ஆண்டு கடலை இழந்து, மீண்டபின் வலையையும் இழக்கும் இலங்கையின் வடக்கு மீனவர் இந்த வழக்குகளில் ஒரு தரப்பே அல்ல. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். வேறு வழி இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்காவின் ஹவுட் பேயில் அளவு மீறிப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பிய கல் இறால் வழக்கில், அந்த இறாலில் தென்னாப்பிரிக்க அரசுக்குச் சொத்துரிமை உண்டு, அதற்கு இழப்பீடு சேரும் என்று 2011இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இழப்பைக் கணக்கிட்டு ஈடு கேட்கும் அந்த முறையில் ஒரு பகுதியாவது மன்னாரில் முயலத் தக்கது.

இக்கரைச் சட்டத்தையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விசைப்படகுகள் கரையை ஒட்டிய பட்டைக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். நாட்டுப்படகைக் காக்கும் நேர்மையான விதி. ஆனால் ராமேசுவரத்துக்கு எதிரே கடலெல்லை மிக அருகில் இருக்கிறது. அந்தப் பட்டைக்கும் எல்லைக்கும் நடுவே எஞ்சும் கீற்று அத்தனை இழுவைப்படகுகளையும் தாங்காது என்பது கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் மீன்வளத் துறைக்குத் தெரிந்ததுதான். 2,000 படகுகளை 70 சதவீத மானியத்தில் ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்றும் 2017ஆம் ஆண்டுத் திட்டம் சரியான திசையில் தொடங்கி இலக்குக்கு வெகு தொலைவில் தேங்கியது. உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் 1983 சட்டத்திலேயே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் தடைசெய்த மடியோடு படகை அனுப்பிய முதலாளி மீது அதைத் தமிழ்நாடு மீன்வளத் துறை தவறாமல் பயன்படுத்த வேண்டும். அதுவரை ஊர்காவற்றுறை நீதவான் முன் கூலிக்காரர்தான் நிற்பார்.