யாருடைய கணக்கில் மிச்சம்?

"பிரசவம்தான் மலிவு என்று நாளைக்கு ஒருவர் நிரூபித்துவிட்டால் என்ன சொல்வீர்கள், மேடம்?" வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அப்போதுதான் அமெரிக்காவின் ஹைட் திருத்தத்தை எதிர்த்து, வழக்கம்போல் என் கணக்கைச் சொல்லி முடித்திருந்தேன்: கருக்கலைப்புக்கு ஆகும் செலவைவிட ஏழைப் பெண்ணின் பிரசவத்துக்கு அரசு செய்யும் செலவு பல மடங்கு, ஆகவே நிதியை நிறுத்துவது கஜானாவுக்கே நஷ்டம்.

கணக்கில் தப்பில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்எய்ட், 1970களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கருக்கலைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. 1976இல் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஹென்றி ஹைட் செருகிய திருத்தம், சில விதிவிலக்குகள் போக, அதை நிறுத்தியது. பணக்காரப் பெண்ணையும் தடுக்கத்தான் ஆசை, கைக்கு எட்டியது மெடிக்எய்ட் மசோதா மட்டுமே என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். சிக்கனம் என்ற பாவனைகூட அவருக்குத் தேவைப்படவில்லை. நாம்தான் அவருக்குச் சிக்கனப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வட கரோலினாவில் ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கென மாநில அரசே ஒரு நிதி வைத்திருந்தது. 1980க்கும் 1994க்கும் இடையில் ஐந்து முறை, நிதியாண்டு முடியும் முன்பே அது வற்றிப்போனது. பணம் இருந்த மாதங்களையும் இல்லாத மாதங்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நிதி இருந்தால் கலைக்கப்பட்டிருக்கும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரசவத்தில் முடிந்ததாகக் கண்டார்கள். நாங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ஒரு பங்கைத்தான். அரசுக்குச் செலவு வைப்பது அதுதானே. மற்ற இரண்டு பங்குப் பெண்கள்? எப்படியோ பணம் புரட்டினார்கள். வாடகைக்கு வைத்திருந்தது, மின்கட்டணத்துக்கு எடுத்துவைத்தது, கைமாற்று. புரட்டுவதற்குள் வாரங்கள் ஓடும். கரு வளர வளர மருத்துவக் கட்டணமும் ஏறும். அரசின் ஏட்டில் இதற்குப் பத்தியே கிடையாது. அங்கே 'மிச்சம்' என்று எழுதப்படுவது, ஒரு பெண்ணின் சமையலறைக்கு மாற்றிவிடப்பட்ட கடன்.

1980இல் ஹாரிஸ் எதிர் மெக்ரே வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் திருத்தத்தை ஏற்றது. அவளுடைய வறுமையை அரசு உண்டாக்கவில்லை, எனவே அந்தத் தடையை நீக்கும் கடமையும் அரசுக்கு இல்லை என்றது ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பு. ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் அரசா இது? அதே மெடிக்எய்ட் பிரசவச் செலவை ஏற்கிறது. கருத்தடை அறுவைச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு கொடுக்கிறது. ஒரு தட்டில் இவ்வளவையும் வைத்துவிட்டு மறுதட்டைக் காலியாக விடுவது நடுநிலை அல்ல. மாறுபட்ட தீர்ப்பில் பிரென்னன் இதைத்தான் சுட்டினார்.

இனி, நாங்கள் ஆசையோடு கையில் எடுக்கும் அறிக்கை. 'பிளான்டு பேரன்ட்ஹுட்' அமைப்புக்கு மத்திய நிதியை நிரந்தரமாக நிறுத்தினால் பத்தாண்டுகளில் அரசின் செலவு 13 கோடி டாலர் கூடும் என்று 2015இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. காரணம்: கருத்தடை வசதி கைநழுவும் சில பெண்களுக்குக் குழந்தைகள் பிறக்கும், அந்தச் செலவு மெடிக்எய்ட் தலையில் விழும். முதன்முறை படித்தபோது நான் துள்ளினேன். மாணவியின் கேள்விக்குப் பிறகு படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஏழை வீட்டில் பிறக்கும் குழந்தை அந்தத் தாளில் ஒரு நஷ்டம். அதை நஷ்டமென்று கொண்டாடியது நான்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு முகம் உண்டு. 1973இல் அலபாமாவின் மான்ட்கோமரியில், மத்திய நிதியில் இயங்கிய மருத்துவமனை ஒன்று, 14, 12 வயதுள்ள இரண்டு கறுப்பினச் சகோதரிகளுக்குக் கருத்தடை அறுவை செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஊசி போடப்போகிறார்கள் என்று நம்பித் தாளில் பெருக்கல் குறி போட்டிருந்தார். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் படித்து வளர்ந்த எனக்கு இது அந்நியமான கதை அல்ல.

அடுத்த வாரம் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன்: பிரசவம் மலிவாக இருந்தாலும் நிதி கேட்பேன், பெற்றுக்கொள்ள விரும்புகிறவளின் பிரசவத்துக்கும் அதே குரலில் கேட்பேன். "அப்போ இந்த அறிக்கையை எடுத்துவிடலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். பாடத்தில் இன்னும் அது இருக்கிறது, வட கரோலினாவின் அந்த இரண்டு பங்குப் பெண்களுக்குப் பிறகு.