கயிறு எங்கே போனது?

2022 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அம்மார் ரெஷி என்ற வடிவமைப்பாளர் ஒரு வாரக்கடைசியில் குழந்தைகள் புத்தகம் ஒன்றைச் செய்து முடித்தார். 'ஆலிஸ் அண்ட் ஸ்பார்க்கிள்' என்று பெயர். கதையைச் சாட்ஜிபிடி எழுதியது, படங்களை மிட்ஜர்னி போட்டது. ஆலிஸ் என்ற சிறுமி ஸ்பார்க்கிள் என்ற செயற்கை நுண்ணறிவை உருவாக்குகிறாள். இருவரும் சேர்ந்து உலகத்துக்கு நல்லது செய்கிறார்கள். யோசனை தோன்றி 72 மணி நேரத்துக்குள் புத்தகம் அமேசானில் விற்பனைக்கு வந்துவிட்டது. ரெஷி அதை ட்விட்டரில் பகிர்ந்தார். ஓவியர்கள் கொதித்துப் போனார்கள். கொலை மிரட்டல்கூட வந்ததாக அவர் பிறகு சொன்னார்.

அந்தச் சண்டை பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே நடந்தது. ஓவியர்களிடம் கேட்காமல் அவர்களுடைய படங்களை இயந்திரத்துக்குப் பயிற்சியாகக் கொடுத்தது ஒன்று. அவர்களுடைய பிழைப்பு இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது நல்ல படப்புத்தகமா? குழந்தை அதைக் கையில் எடுத்தால் அதற்கு என்ன கிடைக்கும்?

பெரியவர்கள் நமக்கு இது எளிதில் புரிவதில்லை, காரணம் நாம் படப்புத்தகத்தை வாசிப்பதே இல்லை. எழுத்தை மட்டும்தான் வாசிக்கிறோம். பக்கத்துக்கு இரண்டு வரி, அதை ராகம் போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டக் கை துறுதுறுக்கிறது. மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எழுத்து தெரியாது. அது படத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது. "இருப்பா" என்று நம் கையைப் பிடித்து நிறுத்துகிறது. எழுத்து நமக்கு, படம் அதற்கு. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் இரண்டு மொழியில் வாசிக்கிறோம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் படப்புத்தகத்தில் பெரிய காரியங்கள் செய்திருக்கிறார்கள். 1968இல் வெளிவந்த பாட் ஹட்சின்ஸின் 'ரோஸீஸ் வாக்' மொத்தமே 32 சொற்கள். ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் அவ்வளவுதான். படத்திலோ கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி. ஒவ்வொரு தடவையும் பாய்கிறது, ஒவ்வொரு தடவையும் எதிலாவது மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறது. நரி என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எங்குமே கிடையாது. வாசித்துக் காட்டும் அம்மாவின் வாயில் இல்லாத கதை, பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கண்ணில் ஓடுகிறது. குழந்தை தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியவர்களைவிட அதிகம் தெரிந்தவராக ஆகும் இடம் அது.

சரி, இனி இயந்திரத்துக்கு வருவோம். 'ஆலிஸ் அண்ட் ஸ்பார்க்கிள்' வந்தபோது, ஆலிஸின் விரல்கள் கோணல்மாணலாக இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு ஆயுள் குறைவு. 2025 ஆகஸ்டில் கூகுள் தன்னுடைய ஜெமினியில் 'ஸ்டோரிபுக்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. என்ன கதை வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும். பத்துப் பக்கத்தில் படங்களோடு கதையைக் கொடுத்து, வாசித்தும் காட்டும், 45க்கும் மேற்பட்ட மொழிகளில். விரல்களை இப்போது ஒழுங்காகத்தான் போடுகிறார்கள். விரலை எண்ணும் விமர்சனம் காலாவதியாகிவிட்டது. விரல் சரியாக இருக்கும்போதும் என்ன குறைகிறது என்று சொல்ல முடிந்தால்தான் அது விமர்சனம்.

அதைப் பார்ப்பதற்காகவே இந்த மாதிரிச் செயலி ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா மகளோடு உட்கார்ந்தேன். அவளுக்கு ஐந்து வயது. எந்தச் செயலி என்பது முக்கியமில்லை, எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கதை அவளுடையது: திருநகர் மூணாவது ஸ்டாப்பில் ஒரு ஆட்டுக்குட்டி பஸ் ஏறப் பார்க்கிறது, கண்டக்டர் விட மாட்டேன் என்கிறார். எனக்கே பொறாமையாக இருந்தது. சில நிமிடங்களில் புத்தகம் வந்தது. பளபளவென்று அழகாகவே இருந்தது. ஆட்டுக்குட்டிக்குப் பெரிய கண்கள், கண்டக்டருக்குச் செல்லத் தொப்பை.

பின்னணியில் பச்சைப்பசேலென்று கூம்பு மாதிரி ஒரு மலை, உச்சியில் ஒரு கோபுரம். "இது நம்ம மலை இல்ல மாமா" என்றாள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் திருப்பரங்குன்றம் வெயிலில் காய்ந்த பெரும்பாறை. கோயில் அந்தப் பாறையைக் குடைந்து அமைத்தது, கோபுரம் அடிவாரத்தில் நிற்கிறது. போகட்டும், மலை ஒரு தகவல் பிழை, திருத்திவிடலாம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்றாம் பக்கத்தில் ஆட்டின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. நான்காம் பக்கத்தில் இல்லை. "மாமா, கயிறு எங்க போச்சு?" கதையில் கயிறே இல்லை, எழுத்தை வாசித்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவும் இல்லை. அவளே யோசித்தாள். யாரோ அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். கண்டக்டர்தான். வெளியே திட்டிக்கொண்டே திருட்டுத்தனமாக உதவி செய்கிறார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவளே அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். அங்கே கயிறு திரும்ப வந்திருந்தது, நீல நிறத்தில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சப் பக்கங்களை மளமளவென்று தள்ளி முடித்துவிட்டாள்.

கயிறு ஏன் மறைந்தது என்று எனக்குத் தெரியும். இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை வெறும் இரைச்சலில் தொடங்கி, கொடுத்த சொற்களுக்குப் பொருத்தமாக இருக்கக்கூடியதை நோக்கிப் படிப்படியாக இரைச்சலை நீக்கிப் படம் செய்கின்றன. ஒவ்வொரு பக்கமும் ஒரு புது ஆடு. முந்தைய பக்கத்தை ஒத்திருக்கும்படி அதை இழுத்துப்பிடிக்கத் தனியாக மெனக்கெட வேண்டும். 'ஆட்டுக்குட்டி' என்றால் பெரும்பாலும் கழுத்தில் ஏதோ இருக்கும், சில சமயம் இருக்காது. என்னிடம் இருப்பது காரணம். குழந்தை கேட்டதோ அர்த்தம். அது அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை, ஏனென்றால் யாரும் அதை வைக்கவில்லை.

இதில் என்ன இப்போ, சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல படப்புத்தகம் குழந்தைக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது: நீ உற்றுப் பார்த்தால் ஏதாவது கிடைக்கும். ரோஸியின் பின்னால் வரும் நரி அந்த வாக்குறுதியின் வடிவம். இயந்திரப் புத்தகம் அதற்கு நேர் எதிரான பாடத்தை நடத்துகிறது: உற்றுப் பார்க்காதே, ஏமாந்து போவாய், சும்மா மொத்தமாகப் பார்த்துவிட்டுப் போ. ஐந்து வயதுக் குழந்தை இதை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும். வாசிப்பு தொடங்கும் வயதிலேயே வாசிக்காமலிருக்கப் பழகுவது அது.

கயிறு மறையாத செயலி அடுத்த வருடமே வந்துவிடும் என்று என் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். வரட்டும். அப்போதும் கயிறு பத்துப் பக்கத்திலும் இருக்கும், அவ்வளவுதான். ஏன் இருக்கிறது என்பதற்குப் பதில் இருக்காது. நரியை நாமே சொல்லிப் போடவைக்கலாமே என்றும் கேட்கலாம். தாராளமாக. ஆனால் அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவெடுத்தவர் நீங்கள். படப்புத்தகக்காரரின் உண்மையான வேலையை நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதை 72 மணி நேரத்தில் செய்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

பாணியை நகலெடுப்பதில் இயந்திரம் கில்லாடி. கோண்டு பாணியில் லண்டன் நகரம் என்று கேட்டால் புள்ளியும் கோடுமாக அழகான படம் வரும். பஜ்ஜு ஷ்யாம் என்ற கோண்டு ஓவியர் லண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் வரையப் போனார். திரும்பி வந்து அவர் செய்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' சென்னையின் தாரா புக்ஸ் வெளியீடாக 2004இல் வந்தது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் ஒரு சேவலாக இருக்கிறது, காரணம் அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல். பூமிக்கடியில் ஓடும் ரயில் ஒரு மண்புழு. அவர் தினமும் நம்பி ஏறிய 30ஆம் எண் பேருந்து விசுவாசமான நாய். புள்ளியும் கோடும் பாணி. சேவல் பாணி இல்லை. லண்டனில் நின்றுகொண்டு தன் ஊரை மறக்காத ஒருவரின் பார்வை அது. "ஏன் சேவல்?" என்று ஒரு குழந்தை கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஊரே பதிலாகத் திறக்கும்.

நம் ஊர் இந்த இயந்திரங்களுக்குள் எந்த அளவுக்கு இருக்கிறது? 2022இல் வெளியான லயான்-5பி என்ற பயிற்சித் தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. அவற்றில் 232 கோடிக் குறிப்புகள் ஆங்கிலம். நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற மொழிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவுதான். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகள் பயின்றது ஆங்கிலப் பகுதியில். 2023இல் 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்' இதழ் மிட்ஜர்னியிடம் 'ஓர் இந்தியர்' என்று கேட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் தாடி வைத்த வயதான ஆண் வந்தார், பெரும்பாலும் தலைப்பாகையோடு. மூணாவது ஸ்டாப் எப்படி வரும்?

ரெஷியின் புத்தகம் வந்த அதே டிசம்பரில்தான் மனோகர் தேவதாஸ் காலமானார். மதுரையில் வளர்ந்தவர். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்த காலத்திலும் மீனாட்சியம்மன் கோயிலையும் யானைமலையையும் மதுரைத் தெருக்களையும் மெல்லிய மைக்கோடுகளால் வரைந்தார். அவர் வரைந்தவை குழந்தைகள் புத்தகங்கள் அல்ல. ஆனாலும் ஒரு கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அவரைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பார்க்க முடிவது குறையக் குறைய, எதைப் பார்ப்பது என்ற முடிவு கனமாகிறது. எதை வேண்டுமானாலும் நொடியில் காட்டும் இயந்திரத்துக்கு அந்தக் கனம் தெரியாது.

மறுதரப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் படப்புத்தகம் போடுவது கைக்காசைக் கரைக்கும் தொழில். வண்ண அச்சு, நல்ல தாள், ஓவியருக்குச் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் விலை ஏறிவிடும்; ஏறினால் வாங்க ஆள் இல்லை. இந்த நிலையில் ஒரு சிறு பதிப்பாளர் இயந்திரத்திடம் போவதை ஒழுக்கக்கேடு என்று திட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் செலவைக் குறைக்க வேறு வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா அதைத்தான் செய்தது: சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் ஒரே படமாகப் பல மொழிகளில் வேதாளத்தைச் சுமந்தான். சென்னையின் தூலிகா ஒரே படங்களோடு பல மொழிகளில் புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளும் படங்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யாரும் தமிழாக்கலாம், அச்சிடலாம், ஓவியர் பெயரைப் போட்டால் போதும். மென்பொருள்காரனுக்கு இது பழகின ஏற்பாடு. ஒருவர் யோசித்து எடுத்த முடிவை ஆயிரம் பேர் பயன்படுத்துகிறோம். செலவு குறைகிறது, முடிவெடுத்த மனிதர் காணாமல் போவதில்லை.

வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுதுக்குச் செயலியில் கதை செய்வதில் எனக்குப் புகார் இல்லை. பக்கத்தில் நாம் இருக்கிறோம், கயிறு எங்கே என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். விலை போட்டு ஊரான் பிள்ளைக்கு விற்கும்போது கதை மாறுகிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 'ஜார்யா ஆஃப் தி டான்' என்ற சித்திரக்கதையைப் பற்றி ஒரு முடிவு சொன்னது: எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி போட்ட படங்களுக்குக் கிடையாது, அவற்றை மனிதர் படைக்கவில்லை. சட்டம் உரிமையைப் பற்றித்தான் பேசுகிறது. எனக்கு அதில் பொறுப்பும் கேட்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத படத்துக்கு யார் பதில் சொல்வது?

அதே வருடம் செப்டம்பரில் அமேசான், சுயமாகப் பதிப்பிப்பவர்கள் ஒரு நாளைக்கு மூன்று புத்தகங்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு வைத்தது. நாளைக்கு மூன்று என்பது கட்டுப்பாடாக ஆகிவிட்ட காலம் இது. இந்த வெள்ளம் தமிழுக்கு வரும்போது தடுக்க நம்மால் முடியாது. கேள்வி கேட்க முடியும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது குழந்தைகள் புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதலில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். இயந்திரம் போட்டது என்றால் அதை முன்பக்கத்திலேயே அச்சிடட்டும். பெயர் இருந்தால், எழுத்தை வாசிக்காமல் படங்களை மட்டும் ஒரு தடவை புரட்டுங்கள். நம் பிள்ளைகள் அப்படித்தான் வாசிக்கப் போகிறார்கள்.