ராஜாஜியின் சொற்சிக்கனம்

பெரிய விஷயத்தைச் சிறிய கதையாக்கிச் சொல்வதும், நீண்ட வாதத்தை ஒரே சொற்றொடருக்குள் அடக்கிவிடுவதும் ராஜாஜிக்கு வாழ்நாள் முழுவதும் கைவந்த வித்தையாக இருந்தன. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய காலத்தில் கூர்மை பெற்ற தர்க்க புத்தியும், இதிகாசங்களில் தோய்ந்த உள்ளமும் கூடி உருவாக்கிய அந்த நடை, பொதுவாழ்வில் அவருக்குத் தேடித் தந்த கீர்த்தியையும் விளைத்த நஷ்டத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது, அவரிடம் பக்தி கொண்டவர்களுக்கும் விரோதம் பாராட்டுகிறவர்களுக்கும் ஒருங்கே பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து, கல்கியைத் துணையாக வைத்துக்கொண்டு, 1929-இல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' பத்திரிகையை அவர் தொடங்கியபோது, குடியின் கேட்டைப் பாமரர்களுக்கு உணர்த்தக் கதைகளையும் படங்களையும் நம்பினார். பின்னாளில் ரசாயன சாஸ்திரத்தையே 'திண்ணை ரசாயனம்' என்று எளிய தமிழில் எழுதினார். எதிரில் இருப்பவன் படிப்பில்லாதவனாயினும் புத்தியில்லாதவன் அல்லன் என்ற மரியாதை இந்த எழுத்துக்களுக்கு அடியில் ஓடுகிறது. அலங்காரத்தை அறவே ஒதுக்கிய அவருடைய வசனத்துக்கு அழகு தருவது அந்த மரியாதைதான். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தபின், அரசாங்கக் கட்டுப்பாடுகளின் பெருக்கத்தை 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று அவர் சுட்டியதும் அதே ஆற்றலின் பலன். அவருடைய பொருளாதாரக் கொள்கையை மறுத்தவர்களும் அந்தப் பிரயோகத்தைத் தவிர்க்க முடியவில்லை.

ஆனால் சுருக்கத்துக்கு உட்படாத விஷயங்களும் உலகில் உண்டு. 1953-இல், கட்டடமும் ஆசிரியர்களும் போதாத நிலையில் மேலும் பல பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நோக்கத்தோடு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று முதலமைச்சராக இருந்த அவர் திட்டம் வகுத்தார். கணக்கு சரியாகவே இருந்தது. கைத்தொழிலுக்கு ஏற்றம் தரும் கருத்தும் காந்தியடிகளின் வழிவந்ததே. எனினும், தலைமுறை தலைமுறையாகத் தொழிலின் பெயரால் இழிவைச் சுமந்தவனுக்கு, 'தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்' என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. எதிர்ப்பாளர்கள் அதைக் 'குலக்கல்வி' என்று அழைத்தார்கள். நாடெங்கும் பரவிய அந்த ஒற்றைச் சொல்லின் முன் அவருடைய விளக்கங்கள் எடுபடவில்லை. 1954-இல் அவர் பதவி விலகினார், காமராஜ் பொறுப்பேற்றார், திட்டமும் கைவிடப்பட்டது. அவருடைய நோக்கத்தில் களங்கம் கற்பிப்பதை நான் ஏற்கவில்லை. ஆயினும், தர்க்கம் முடிந்தவுடன் விவாதமும் முடிந்துவிட்டதாக எண்ணும் குறை அவரிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

சிறுகதைகளிலும் இக்குறை சிற்சில இடங்களில் தலைகாட்டுகிறது. பாத்திரங்கள் தாமாக நடமாடுவதற்குள் நீதி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற ராமாயண நூலில் வேறொரு ராஜாஜியைக் காண்கிறோம். வால்மீகியையும் கம்பரையும் அருகருகே வைத்து, இருவர் வேறுபடும் இடங்களை நிதானமாக எடுத்துக்காட்டிச் செல்லும் அந்த நூலை அவர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிடுகிறார். சீதை மீண்டும் வனம் புகும் உத்தர காண்டத்தைத் தம் உள்ளம் ஏற்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, அவளுடைய துயரத்தை நம் பெண்களின் வாழ்க்கையோடு சேர்த்து நினைக்கிறார். அங்கே தர்க்கம் ஒதுங்கி நிற்கிறது. பிறர் வேதனையைக் கேட்கும் மனம் பேசுகிறது. அந்த மனம் 1953-இலும் பேசியிருக்குமாயின், தமிழ்நாட்டின் பிற்கால அரசியலில் கசப்பு இவ்வளவு மிகுந்திராது என்றே கருதுகிறேன்.

அவருடைய விவேகத்தை அறிய விரும்பும் இளைஞர்கள், சந்தர்ப்பத்திலிருந்து பிய்த்தெடுத்த பொன்மொழித் தொகுப்புகளை நாடாமல், அந்த நூலை முதலிலிருந்து முடிவுரைவரை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.